அந்தோணியாருக்கு வந்த நோட்டீஸ்

மூங்கில்கோட்டை நகராட்சியில் பத்து வருடங்களாக மன்றம் என்று ஒன்று இல்லை. தனி அலுவலர் ஒருவர் தருமபுரியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், கையெழுத்துகளைப் போடுவார், அதே பஸ் பாப்பிரெட்டிப்பட்டி போய்த் திரும்பும்போது ஏறிப் போய்விடுவார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. சாக்கடை தன் போக்கில் ஓடியது. எண்பத்தாறாம் வருடம் தேர்தல் வைத்தார்கள். இருபத்தொரு கவுன்சிலர்களும் ஒரு சேர்மனும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு தீர்மானம் இருந்தது.

சேர்மன் தீர்த்தகிரி கடலை மண்டிக்காரர். அந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றிவிட்டுப் பேசுவதற்காக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். கொடிக்கயிற்றை இழுக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் தாள்களை நாற்காலியில் வைத்தார். கொடி உச்சிக்குப் போவதற்குள், யார் வீட்டு ஆடு என்று இன்றுவரை தெரியாத ஒரு வெள்ளாடு, இரண்டாவது மூன்றாவது பக்கங்களைத் தின்றுவிட்டது. சேர்மன் முதல் பக்கத்தைப் படித்து, அதன் கடைசி வரியான ‘ஆகவே பெரியோர்களே’ என்பதோடு நிறுத்தி, ஜெய்ஹிந்த் சொல்லி இறங்கினார். கூட்டம் கைதட்டியது. அவ்வளவு நேரம் அவருக்கு யாரும் அதுவரை கைதட்டியதில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

அடுத்த வாரமே, வளர்ப்பு விலங்குகள் பற்றிய பழைய விதிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியவை. துரைமார்களின் குதிரைகள் எந்தத் தெருவில் சாணம் போடலாம் என்பதைத் தவிர அவற்றில் வேறு விஷயம் அதிகம் இல்லை. காலத்துக்கேற்பத் திருத்துவதற்கு ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. குழு ஆய்வுக்காக ஒகேனக்கல் போயிற்று. இரண்டு நாள் பரிசலில் சுற்றி, வறுத்த மீன் சாப்பிட்டு, ‘மீன்களுக்கு உரிமம் தேவையில்லை என்று குழு கருதுகிறது’ என்று அறிக்கை கொடுத்தது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் விதி எழுதினார்கள். மொத்தம் நாற்பத்தொரு விதிகள்.

ஞானமேரி இதை முதலில் கேட்டது ஆட்டோவில் கட்டிய மைக்கில். மிஷன் தெருவில் பதினான்காம் எண் வீட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். ‘ஆடு, மாடு, கோழி, பன்றி வளர்ப்போர் மே முப்பத்தொன்றுக்குள் உரிமம் பெற வேண்டும். தவறினால் விலங்குகள் பிடிக்கப்பட்டுப் பவுண்டில் அடைக்கப்பட்டு ஏலம் விடப்படும்.’ ஆட்டோ திருப்பத்தில் நின்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போயிற்று.

மெஷினுக்கு அடியில் கிடா படுத்திருந்தது. மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் தலையை வைத்து, வெட்டி விழும் நூல்களை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தது. கறுப்புக் கிடா. நெற்றியில் மட்டும் யாரோ சுண்ணாம்புக் கையால் தொட்ட மாதிரி ஒரு வெள்ளை.

அது அவளுடைய ஆடு இல்லை. அந்தோணியாருடையது. போன வருடம் அவள் புருஷன் சின்னப்பன் தன் டிரைவிங் லைசென்ஸைத் தொலைத்துவிட்டான். டவுன் பஸ் டிரைவருக்கு லைசென்ஸ் போனால் சோறு போன மாதிரி. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோணியார் கெட்டிக்காரர் என்பதால், ஞானமேரி கோயிலுக்குப் போய், கிடைத்தால் ஒரு கிடா தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் லைசென்ஸ் பஸ் சீட்டின் உறைக்குள்ளிருந்து கிடைத்தது. சந்தையில் ஒரு குட்டியை வாங்கினாள். ஜூன் பதின்மூன்று அந்தோணியார் திருநாள்; அன்றைக்குக் கோயில் முற்றத்தில் நேர்ச்சை ஆடுகளை ஏலம் விடுவார்கள். அதுவரை வளர்த்துக் கொண்டுபோய் விட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கொடுக்கப்போகிறதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள். அதனால் ‘டேய்’ என்று மட்டும் கூப்பிட்டாள். பத்து மாதத்தில் அது ‘டேய்’ என்றால் எந்தச் சந்திலிருந்தும் ஓடி வந்தது.

அன்று மதியம் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு கேள்விகளும் சுலபம். மூன்றாவது: விலங்கின் உரிமையாளர் பெயர்.

“உன் பேரை எழுது” என்றான் சின்னப்பன், சாப்பிட்டுக்கொண்டே.

“என்னுது இல்லீங்களே.”

“உன்னுதுன்னு எழுதி வாங்கிக்க. திருநா அன்னைக்குக் கோயில்ல வுட்டுரு. அந்தோணியாரு என்ன, நகராட்சிக்கு வந்து ஃபைலப் பாக்கப் போறாரா?”

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தாள். ‘ஞா’ என்று எழுதுவதற்கு முன்னாலேயே நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னப்பன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதிப் பார்த்தபோது வந்த இனிப்பு அது. ஞானமேரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வெறும் பொய்யாக இருந்தால் எழுதியிருப்பாள். ரேஷன் கார்டில் எழுதாத பொய்யா? ஆனால் இது பொய் இல்லை, ஆசை. எழுதினால் அந்த ஆடு உண்மையாகவே தன்னுடையதாகிவிடும், அப்புறம் திருநாளன்று கயிற்றை விடக் கை வராது என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னை நம்பாததால், மூன்றாவது கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: புனித அந்தோணியார்.

நகராட்சி அலுவலகத்தில் விலங்குப் பிரிவு என்று புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் எழுத்தர் ஜானகியம்மாள். மேஜைக்கு முன்னால் வரிசை. விலங்கும் நேரில் வர வேண்டும் என்பது விதி ஆறு. ஆகவே வரிசையில் மனிதர்களைவிடக் கால்கள் அதிகமாக இருந்தன. பக்கத்து வீட்டு வஹிதா சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நின்றிருந்தாள்.

“ராத்திரி பத்திலேருந்து காலையில அஞ்சு வரைக்கும் கூவக் கூடாதாம், மேரியக்கா. விதி பதினொண்ணு. இதுங்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்றாங்க.”

“போட்டுக் குடுத்துச்சா?”

“கால்ல மை தடவி வெச்சேன். அதை ஒத்துக்கிட்டாங்க.”

ஞானமேரியின் முறை வந்தது. ஜானகியம்மாள் விண்ணப்பம் வந்த நேரத்தைப் பார்த்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். குத்திய பிறகுதான் படித்தார்.

“விலங்கின் பெயர்… டேய்?” என்று சற்றுச் சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்ற நான்கு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிடாவும் பார்த்தது.

“ஆமாங்க.”

“உரிமையாளர், புனித அந்தோணியார். இவரு யாரும்மா, உங்க வூட்டுக்காரரா?”

“இல்லீங்க. சாமிங்க. கோயில்ல இருக்காரு.”

ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, எங்க மாமியார்கூட ஒரு கோழியைக் காளியாத்தாளுக்கு நேந்து வுட்டிருக்குது. நான் காளியாத்தா பேர்லயா எழுதினேன்? மாமியார் பேர்லதான் எழுதினேன். நீங்களும் அப்புடி எழுதியிருக்கலாமில்ல?”

“அடிச்சுட்டு எழுதிக் குடுத்தரட்டுங்களா?” என்றாள் ஞானமேரி. கேட்ட உடனே மறுபடியும் அந்த இனிப்பு எட்டிப் பார்த்தது, பயந்துபோனாள்.

“இன்வர்டு சீல் விழுந்துருச்சே. இனிமே ஆண்டவனே வந்தாலும் அடிக்க முடியாது.”

“ஆண்டவன்தாங்க வரணும் போல.”

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தனி விண்ணப்பம் இல்லை என்பதுபோல் ஃபைலைக் கட்டினார்.

ஐந்தாம் நாள் கடைநிலை ஊழியர் ஒருவர் கோயிலுக்கு வந்தார். கையில் நோட்டீஸ். ‘பெறுநர்: திரு. புனித அந்தோணியார், மிஷன் தெரு. தாங்கள் மேற்படி விலங்கின் உரிமையாளர் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளதால், ஏழு நாட்களுக்குள் ரேஷன் கார்டுடன் நேரில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டியது. தவறினால் தங்கள் ஆடு பிடிக்கப்படும்.’ பங்குச் சாமியார் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெறுநர் இருக்கிறார், ஆனால் வாங்க மறுக்கிறார் என்றால் வாசலில் ஒட்டிவிட்டு வர வேண்டும் என்பது அலுவலக வழக்கம். ஊழியர் சுரூபத்தின் முன்னால் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தோணியார் குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஊழியர் நோட்டீஸைப் பீடத்தில் பசை தடவி ஒட்டிவிட்டு, ‘பெறுநர் முன்னிலையில் ஒட்டப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் செபமாலைக்கு வந்த பெண்கள் அதைப் புது செபம் என்று நினைத்து அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி வாய்விட்டுப் படித்தாள். ‘தங்கள் ஆடு பிடிக்கப்படும்’ என்று வந்தபோது எல்லோரும் “ஆமென்” என்றார்கள்.

ஞானமேரி கடைசி வரிசையில் மண்டியிட்டிருந்தாள். அவளால் அந்தோணியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு யோக்கியமான சாமியை ஆபீசுக்கு அலைய வைத்துவிட்டோமே என்று இருந்தது. இத்தனைக்கும் காரணம் பக்தி என்று தெருவெல்லாம் அவளை மெச்சினார்கள். பக்தி இல்லை, என் கையை நானே கட்டிப்போட்டேன் என்று யாரிடம் சொல்வது? உள்ளூர ஒரு குரல், ஏழு நாள், ஏழு நாள் என்றது. ஏழு நாள் கழிந்தால் பவுண்டு. பவுண்டிலிருந்து நேராகக் கறிக்கடை. அவளுக்கும் இல்லை, அந்தோணியாருக்கும் இல்லை.

திரும்பி வந்த சாமியார் நோட்டீஸைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை, பதிலை முறைப்படி எழுதினார். ‘மேற்படியார் 1231ஆம் ஆண்டே காலமாகிவிட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

மறுநாளே பதில் வந்தது. ‘காலமானவரின் இறப்புச் சான்றிதழும், தாசில்தாரிடம் பெற்ற வாரிசுச் சான்றிதழும் இணைக்கவும்.’

‘துறவி. வாரிசு இல்லை. இறந்தது பதுவா நகரத்தில்.’

‘பதுவா இந்நகராட்சி எல்லைக்குள் வருகிறதா என்பதைத் தெளிவுபடுத்தவும்.’

சாமியார் அதற்குமேல் எழுதவில்லை. ஃபைல் மன்றத்துக்குப் போயிற்று.

மன்றக் கூட்டத்துக்கு ஞானமேரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கிடாவை வெளியே வேப்பமரத்தில் கட்டிவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தாள். வஹிதா துணைக்கு வந்திருந்தாள். சேர்மன் தீர்த்தகிரி எழுந்தார். இந்தத் தடவை பேச்சைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார்.

“உறுப்பினர்களே, இந்த ஊருக்குப் பத்து வருசமா மன்றம் இல்ல. யாருக்கும் ஒரு குறையும் தெரியல. இந்தப் பரிதாபமான நெலமைய மாத்தத்தான் ஜனங்க நம்மள அனுப்பியிருக்காங்க. இன்னைக்குப் பாருங்க, வூட்டுக்கு வூடு குறை. அத்தனை பேரும் நம்ம வாசல்லதான் நிக்கறாங்க. இதுக்குப் பேருதான் ஜனநாயகம்.”

கைதட்டல்.

“ஆட்டுக்குச் சொந்தக்காரன் மனுசனா சாமியான்னு நாம பாக்கறதில்ல. ஃபாரம் சரியா இருக்குதான்னுதான் பாக்கறோம். ஆடு எப்புடி இருக்குதுன்னுகூட நாம பாக்கறதில்ல. அவ்வளவு நடுநிலைமை!”

“அக்கா, இவரு நம்மளத் திட்டறாரா, அவரையே திட்டிக்கறாரா?” என்று வஹிதா காதைக் கடித்தாள்.

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் எழுந்தார். “அந்தோணியாருக்குன்னா எங்க முனியப்பனுக்கும் அதே உரிமை வேணும். எங்க சாமி மட்டும் எளைச்சதா?”

“தர்காவை வுட்டுட்டீங்களே” என்றது இன்னொரு குரல்.

ஆணையர் எழுந்து, சாமிகளிடம் ரேஷன் கார்டு, அண்டை வீட்டாரின் சம்மதம், வீட்டிலிருந்து இருபதடி தள்ளிக் கொட்டகை ஆகியவற்றைக் கேட்பது நடைமுறைச் சிக்கல் என்று விளக்கினார். ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவில் தீர்மானம் நிறைவேறியது: தெய்வங்களும் அடியார்களும் விலங்குகளின் உரிமையாளராக இருக்கலாம், அவர்களுக்கு விதி ஒன்பது முதல் இருபத்துமூன்று வரை பொருந்தாது, விலங்கை வைத்திருப்பவர் ‘பராமரிப்பாளர்’ எனப்படுவார். அந்தோணியாரின் கிடாவுக்கு உரிமம் எண் ஒன்று.

சேர்மனே வெளியே வந்து, தகர வில்லையை அதன் கழுத்தில் கட்டினார். போட்டோ பிடித்தார்கள். பொன்னாடையை அந்தோணியார் சார்பில் ஞானமேரி வாங்கிக்கொண்டாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கிடாவின் மேலேயே போர்த்தி வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

மறுநாள் காலையில் ஜானகியம்மாளின் மேஜைக்கு முன்னால் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது. ஊரில் யாருக்குத்தான் இருபதடி தள்ளிக் கொட்டகை போட இடம் இருந்தது? மிஷன் தெருவில் வீடே பத்தடி. வஹிதா புதுத் தீர்மானத்தைச் சொல்லித் தன் பழைய விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சேவலைத் தர்காவுக்கு நேர்ந்துவிட்டதாகப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். தர்காவில் அடங்கிய அவுலியாவின் சேவல் எத்தனை மணிக்கும் கூவலாம். எருமைகள் மாரியம்மனுக்குப் போயின. பன்றிகள் மொத்தமும் முனியப்பனுக்கு. அர்ச்சகர் வீட்டுப் பசு பெருமாளுக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மாட்டு வியாபாரி ஒருவர் தன் பதினேழு மாடுகளையும் ஒரே நாளில் பதினேழு தெய்வங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது பற்றித்தான் கொஞ்ச நாள் பேசினார்கள். சாமியே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற ஒருவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தன் நான்கு ஆடுகளையும் மனைவியின் குலதெய்வத்துக்கு எழுதினார். ஜானகியம்மாள் தன் மாமியாரின் கோழியைக் கடைசியாகக் காளியாத்தாள் பெயருக்கு மாற்றினார். சீலை மெதுவாகத்தான் குத்தினார்.

மே கடைசியில் பதிவேட்டை மூடியபோது, நகராட்சி எல்லைக்குள் ஆயிரத்து நாற்பத்தாறு விலங்குகளும் பறவைகளும் இருந்தன. ஒன்றுகூட மனிதருக்குச் சொந்தமில்லை. ஆணையர் மேலே அறிக்கை அனுப்பினார்: ‘புதிய விதிகளின் பயனாக, இந்நகரில் பொதுமக்கள் விலங்குகளைச் சொந்தமாக வைத்திருப்பது முற்றிலும் ஒழிக்கப்பட்டுள்ளது.’ மேலேயிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சேர்மன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஜூன் பதின்மூன்று. ஞானமேரி விடியற்காலையில் கிடாவைக் குளிப்பாட்டினாள். கொம்புக்கு எண்ணெய் தடவினாள். மல்லிகைச் சரம் ஒன்றைக் கட்டிவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்தாள். கொடுக்கத்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை. கோயில் வரை நாற்பது வீடு. நாற்பது வீட்டையும் எண்ணிக்கொண்டே நடந்தாள். எண்ணினால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை.

பூசை முடிந்தது. முற்றத்தில் ஏலம் கூடியது. கறிக்கடைக்காரர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் நின்று கிடாவின் முதுகை அமுக்கிப் பார்த்தார்கள். ஞானமேரி கயிற்றைச் சாமியார் கையில் நீட்டினாள். அவர் வாங்குவதற்குள், “நிறுத்துங்க!” என்று ஒரு குரல்.

சுகாதார ஆய்வாளர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, விதிப் புத்தகத்தோடு வந்தார். வில்லையைத் திருப்பி எண்ணைச் சரிபார்த்தார்.

“உரிமம் எண் ஒண்ணு. விதி முப்பத்தொண்ணு: உரிமம் பெற்ற விலங்கை உரிமையாளர் ஆணையர் முன்னால நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாலொழிய விக்கவோ, குடுக்கவோ, அறுக்கவோ கூடாதுங்க.”

“அய்யா, உரிமையாளரே இங்கதான் இருக்கார்” என்றார் சாமியார், கோயிலுக்குள் கையைக் காட்டி. “அவருடைய ஆடு அவரிடம் வருது. இதுல என்ன தடை?”

“சாமி, விலங்கு இருக்க வேண்டிய இடம் பதினாலு, மிஷன் தெரு. உரிமத்துல இருக்குது. உரிமையாளர் வேணும்னா அங்க போய்ப் பாத்துக்கலாம். ஆடு இங்க வரக் கூடாது. பராமரிப்பாளர் இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போகலன்னா கேஸ் எழுதுவேன்.”

“எத்தனை நாளைக்குங்க?” என்று ஞானமேரி கேட்டாள். குரல் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது.

“உரிமையாளர் வந்து கையெழுத்துப் போடற வரைக்கும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். கறிக்கடைக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. சாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

ஞானமேரி திரும்பி நடந்தாள். போகும்போது எண்ணிய வீடுகளை வரும்போது எண்ணவில்லை. கயிறு தளர்ந்து தொங்க, கிடா அவளுக்கு முன்னால் போயிற்று. நடு வழியில் தன்னையறியாமல் “டேய், மெதுவா” என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்; கொடுத்துவிட்டதாக நினைத்திருந்த ஒன்றை இவ்வளவு சத்தமாகவா கூப்பிடுவது?

அடுத்த சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். தட்டிக்கு அப்பால் சாமியாரின் நிழல் குனிந்திருந்தது.

“சொல்லும்மா.”

“சாமி, நான் சட்டத்துக்குக் கீழ்ப்படிஞ்சேங்க.”

“அது பாவமில்லையே.”

“கீழ்ப்படியறப்ப ரொம்ப சந்தோசமா இருந்துச்சுங்க. நேந்துகிட்டது நடக்கலையேன்னு வருத்தமே வரலைங்க. இப்பவும் வரல. வரவெச்சுப் பாத்தேன்.”

தட்டிக்கு அப்பால் ஒரு இருமல். சிரிப்பை இருமலாக மாற்றத் தெரிந்தவர் அவர்.

“பரிகாரமா மூணு அருள்நிறை செபம் சொல்லு.”

“சந்தோசத்துக்குங்களா, சாமி?”

“சந்தோஷத்துக்கு இன்னும் விதி போடலம்மா. போடறதுக்குள்ள வீட்டுக்குப் போ.”